மொட்டைமாடி வண்டி

ஆம்பூர் வீரபாகுவுக்கு ஓட்டை என்றால் ஆகாது. சிலருக்குப் பாம்பு ஆகாது, சிலருக்கு மாமனார் ஆகாது, இவருக்கு ஓட்டை. சுவரில் ஆணி பிடுங்கிய தடம், வாளியின் அடியில் ஊசிமுனை அளவு துளை, பஸ் சீட்டில் எவனோ பீடியால் சுட்ட வட்டம் என்று எதைக் கண்டாலும் அவர் விரல் தானாகப் போய் அதை மூடிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர் என்ன பேசினாலும் அதற்குப் பிறகு காதில் விழாது.

பிறந்த வீடு அப்படி. குடியாத்தத்துத் தறிக்காரர் வீடு. லுங்கியில் ஓர் இழை அறுந்து கண் விட்டிருந்தால் அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வீட்டையே கூட்டிக் காட்டுவார். அந்தப் பயிற்சியோடு வீரபாகு ஆம்பூருக்கு வந்து, ரஃபி அகமதுவின் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கும் செலக்டராகச் சேர்ந்தார். ஆட்டுத்தோலை இரண்டு கையாலும் வெயிலுக்கு நேரே பிடித்தால் போதும். உண்ணி கடித்த துளை, முள் கிழித்த துளை, கத்தி பட்ட துளை எல்லாம் அவர் கண்ணுக்கு மட்டும் வரிசையில் வந்து ஆஜர் சொல்லும். முதல் தரம் என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. தோல் கொண்டுவரும் வியாபாரிகள் முதலில் கெஞ்சினார்கள், பிறகு சண்டை போட்டார்கள், கடைசியில் எல்லாரும் சேர்ந்து முதலாளியிடம் போனார்கள்.

"அந்த ஆள் பாத்தா, ஆடு உயிரோட மேயறப்பவே ஓட்டையாத்தான் மேஞ்சிருக்கும் போல, பாய்" என்று ஒருவர் முறையிட்டார்.

ரஃபி அகமது நல்ல மனுஷன். வேலையை விட்டு நிறுத்துகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ஓட்டைய கண்டுபிடிச்சது போதும்யா. இனிமே அடைக்கிற வேலைய பாரு" என்று சொல்லி, காருக்கு சீட்டு தைக்கும் குஷன் கடை ஒன்றை பஸ் ஸ்டாண்டு பக்கம் வைத்துக்கொடுத்தார். மிஞ்சிய தோல் துண்டுகளும் ஷாப்பிலிருந்தே வந்தன. வீரபாகுவின் வாழ்க்கையில் அதன்பிறகு குறையே இல்லை. செருப்பு ஒட்டும் சொல்யூஷன் ஒரு டப்பா, ஒரு பிரஷ், ஒரு துண்டுத் தோல் கையில் இருந்தால் உலகத்தில் ஒழுகும் எதையும் நிறுத்திவிடலாம் என்று அவர் மனதார நம்பினார். ஊர் அவருக்கு 'சொல்யூஷன் வீரபாகு' என்று பெயர் வைத்தது. கேலி என்று தெரியாமல் அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி தனகோடிக்கு மட்டும் அந்த நம்பிக்கை இல்லை. ஏனென்றால் ஊர் ஒழுகலையெல்லாம் நிறுத்தும் மனுஷன் வீட்டில் சமையலறை ஒழுகியது. மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் தெருவுக்கு விழுவதற்காக ஒரு துளை உண்டு. அதன் வழியே ஒரு கோடையில் எலி ஏறி வந்தது. வீரபாகு தோல் வைத்து, சொல்யூஷன் போட்டு, கல் மாதிரி அடைத்துவிட்டார். எலி நின்றது. அடுத்த மழையிலிருந்து அடுப்புக்கு நேர் மேலே சொட்ட ஆரம்பித்தது.

"வீட்டுக்காரன் மணல ஜாஸ்தி போட்டு சிமெண்ட்ட கம்மி பண்ணிட்டான்" என்பது வீரபாகுவின் தீர்ப்பு. தனகோடி அடுப்பைத் தள்ளி வைத்தாள். அந்த இடத்தில் ஒரு குண்டான் நிரந்தரமாகக் குடியேறியது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ரஃபி அகமதுவின் வீட்டுக்கு ஒரு வெளிநாட்டுக் கார் வந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பிய மச்சான் ஓட்டிப் பழகிய பழைய வண்டிதான். ஆனால் ஆம்பூர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உள்ளே உட்கார்ந்து ஒரு கைப்பிடியைச் சுற்றினால், தலைக்கு மேலே கூரையில் ஒரு பலகை அளவு தகடு அப்படியே பின்னால் நகர்ந்துபோகும். வானம் தெரியும். தலையை வெளியே நீட்டலாம். டிரைவர் கவுஸ் பாஷா முதல் நாளே ஊருக்கு ஒரு தடவை சுற்றிக் காட்டிவிட்டார். 'மொட்டைமாடி வண்டி' என்று சாயங்காலத்துக்குள் பெயர் விழுந்துவிட்டது.

ரஃபி அகமது அந்த வண்டியை வாங்கியதே மகளுக்காக. மனைவி இல்லாத வீட்டில் அவரும் நசீமுன்னிசாவும் மட்டும்தான். வாலாஜாபேட்டையில் நல்ல இடம் பேசி முடித்திருந்தார்கள். கார்த்திகை கடைசியில் நிக்காஹ். அன்றைக்குத் தன் வண்டியில், பூ போட்டு, மகளை அனுப்பவேண்டும் என்பது அவர் ஆசை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் வண்டி லேசாகக் கசிந்தது. ஓரத்தில், எப்போதாவது, ஒரு சொட்டு. கவுஸ் பாஷா அதைத் தன் தோஸ்த் வீரபாகுவிடம் கொண்டுவந்து விட்டார்.

வீரபாகு தகட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். திறப்பைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரிப் பள்ளம் ஓடியது. அதன் நாலு மூலையிலும் நாலு துளை. எல்லாவற்றிலும் அழுக்கு அடைந்திருந்தது. வண்டி நிற்கும் இடம், தோலைத் தேய்த்து மெருகேற்றும் பஃபிங் ஷெட்டுக்குப் பக்கம். அங்கே பறக்கும் தூசி நாலு துளையிலும் போய் மாவு மாதிரிக் குழைந்து கிடந்தது.

"பாத்தியா கவுஸ்? இத்தினி பெரிய வண்டிய செஞ்சவன் நாலு மூலைல ஓட்டைய விட்டுட்டான்" என்றார் வீரபாகு. தோலைத் தூக்கி வெயிலில் பிடித்த பழைய சந்தோஷம் குரலில் இருந்தது.

குத்தூசியை எடுத்து நாலு துளையையும் பளிச்சென்று சுத்தம் செய்தார். ஒரு துளி தூசி விடவில்லை. அத்தோடு கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் ஒழுகலும் நின்றிருக்கும், இந்தக் கதையும் நின்றிருக்கும். ஆனால் அழுக்கில் சொல்யூஷன் பிடிக்காது என்பதற்காகத்தான் மனுஷன் சுத்தமே செய்தார். பிறகு மெல்லிய ஆட்டுத்தோலில் நாலு வட்டம் வெட்டி, ஓரத்தைச் சீவி, இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, உலரவிட்டு, நாலு மூலையிலும் வைத்து அழுத்தினார். மேலே கறுப்புச் சாயம் பூசினார். அங்கே துளை இருந்ததென்று செய்தவனே வந்து சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்த வாரம் மாப்பிள்ளையின் தாயார் அஃப்ஸர் ஜஹான் சொந்தக்காரர்களோடு ஆம்பூருக்கு வந்து, கல்யாணப் பேச்சையெல்லாம் முடித்துவிட்டுக் கிளம்பினார். கூட வந்தவர்கள் வேனில் ஏற, சம்பந்தியம்மாவை மட்டும் ரஃபி அகமது தன் வண்டியில் ஏற்றினார். மழை தூறிக்கொண்டிருந்தது. தன் வேலையை மழையில் பார்க்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று வீரபாகு வலிய வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

பள்ளிகொண்டா வரும்போது நல்ல மழை. வீரபாகு பின்பக்கம் திரும்பினார்.

"ஒரு சொட்டாவது வருதாம்மா?"

"இல்லியே. நல்லாத்தான் இருக்குது" என்றார் அஃப்ஸர் ஜஹான்.

"வராதும்மா. நம்ம கை பட்டிருக்குது."

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. ஜோலார்பேட்டை பக்கம் போகிற கூட்ஸ், அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. மழை வலுத்துக் கூரையில் கொட்டியது. உள்ளே சொட்டு விழவில்லை. வீரபாகு சீட்டில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். தலைக்கு மேலே அந்த வாய்க்கால் விளிம்புவரை நிறைந்து நிற்பது யாருக்கும் தெரியாது.

கேட் திறந்தது. கவுஸ் பாஷா வண்டியை விருட்டென்று எடுத்தார். நின்ற தண்ணீர் மொத்தமும் பின்னால் சாய்ந்து, சம்பந்தியம்மாவின் தலையில் ஒரு குடம் மாதிரி இறங்கியது. "யா அல்லா" என்ற சத்தம் கேட்டு கவுஸ் பாஷா பயந்து பிரேக்கை மிதித்தார். மிச்சம் இருந்தது முன்னால் பாய்ந்து வீரபாகுவின் சட்டைக்குள் போனது.

அஃப்ஸர் ஜஹான் முகத்தைத் துடைத்து, முக்காட்டைப் பிழிந்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "இன்னாப்பா, உங்க ஊர்ல சம்பந்திய இப்டி குளிப்பாட்டித்தான் அனுப்புவீங்களா?"

மறுநாள் வாலாஜாபேட்டையிலிருந்து ஆள் வந்து சொன்னது வேடிக்கையாக இல்லை. பெண்ணை வழியனுப்பும் ருக்ஸத் அன்றைக்கு, அவளை அழைத்துப்போக அவர்களே கார் அனுப்புகிறார்களாம். கல்யாணப்பெண் புதுத்துணியோடு நனைந்து வந்து இறங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்கச் சொன்னார்களாம். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் ரஃபி அகமதுவின் முகம் விழுந்துவிட்டது. அவர் வீரபாகுவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

திட்டாத அந்த முதலாளியின் வீட்டுக்கு வீரபாகு வண்டியை எடுக்கப் போனபோது நசீமுன்னிசா கதவருகே வந்து நின்றாள்.

"மாமா, வண்டி சரியாய்டுமா?"

"ஆயிரும் பாப்பா."

"அம்மா இல்லாத வீட்லருந்து போறேன். அப்பா அன்னிக்கு என்கூட வரக்கூடாதாம், பொண்ண பெத்தவங்க போற வழக்கம் இல்லியாம். அப்பா வண்டிலயாவது போனா அவரு பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும் மாமா. அவங்க வண்டில ஏறினா, இங்கயே எல்லாம் முடிஞ்சு போய்ட்ட மாதிரி இருக்கும்."

அவளை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது தன் பொறுப்பு என்று வீரபாகு வாக்குக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். கொடுத்த பிறகுதான் பயம் வந்தது.

அன்றிலிருந்து குஷன் கடையில் வேறு வேலை நடக்கவில்லை. தகட்டின் ஓரத்து ரப்பரை மாற்றினார். ரப்பருக்குக் கீழே ஸ்பாஞ்சு வைத்தார். ஸ்பாஞ்சுக்குக் கீழே தோல் வைத்தார். ஒவ்வொரு தடவையும் சோதனை உண்டு. கவுஸ் பாஷா மேலே நின்று குடம் குடமாக ஊற்றவேண்டும், உள்ளே ஒருவர் உட்கார்ந்து எங்கே வருகிறது என்று பார்க்கவேண்டும். தனகோடிதான் உட்கார்ந்தாள். பொய் சொல்லத் தெரியாத ஆள் வேறு யாரும் கிடைக்கவில்லை என்றார் வீரபாகு. அவள் காருக்குள்ளே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"வருதா?" என்று வெளியிலிருந்து சத்தம் வரும்.

"வருது."

"கம்மியா, ஜாஸ்தியா?"

"குடைய தாண்டி வருது."

தண்ணீர் எந்த இடுக்கில் நுழைகிறது என்று பிடிக்க, மேலே உள்துணியைக் கழற்றிவிட்டு, திறப்பைச் சுற்றி முகப்பவுடரைத் தூவினார். தண்ணீர் பட்ட இடத்தில் பவுடரில் கோடு விழுமல்லவா? விழுந்தது. ஒரு கோடு இல்லை, நாலு பக்கமும் ஒரே சீராக, பொங்கின பால் மாதிரி வழிந்திருந்தது. எந்த இடுக்கு என்று விரலை வைக்க வழியில்லை. தனகோடி பவுடர் மணத்தோடு கீழே இறங்கி, "இது பேஜாரான வண்டி, முதலாளிகிட்டயே குடுத்துடுங்க" என்றாள். வீரபாகு முதன்முறையாகச் சாப்பிடாமல் இருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பேய்மழை. வீட்டில் குண்டான் நிறைந்து, பக்கத்தில் வைத்த சட்டி நிறைந்து, அடுப்பும் அணைந்தது. தனகோடிக்கு வந்ததே கோபம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். வீரபாகு கீழே வாசலில் நின்று, வண்டிக்கு அடுத்து எந்த ரப்பரை வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மேலே முழங்கால் அளவு தண்ணீர். தனகோடி கையால் துழாவி மூலையைக் கண்டுபிடித்து, புருஷன் ஒட்டிய தோலில் கடப்பாரையை இறக்கினாள். நாலாவது குத்தில் அது பிய்த்துக்கொண்டது. மாடித்தண்ணீர் முழுவதும் துளை வழியாகத் தெருவில் பாய்ந்தது. வீரபாகு நேர் கீழே நின்றிருந்தார்.

"இன்னாடி பண்ற? கஷ்டப்பட்டு அடைச்ச ஓட்டையாச்சே அது" என்று கத்தினார்.

தனகோடி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். "அது ஓட்டை இல்லீங்க. வழி. தண்ணி போற வழி. அத்த அடைச்சிட்டா தண்ணி எங்க போவும், நம்ம தலைலதான் வந்து நிக்கும்."

வீரபாகு நகரவில்லை. தலையில் கொட்டுவது அது பாட்டுக்குக் கொட்டியது. அவர் வாய் மட்டும், "நாலு மூலை" என்றது. பிறகு செருப்புகூடப் போடாமல் மழையில் ஓட ஆரம்பித்தார். புருஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று தனகோடி கொஞ்ச நேரம் பயந்துபோய் மேலேயே நின்றாள். கீழே இறங்கி வந்து பார்த்தால் சமையலறையில் சொட்டு நின்றிருந்தது.

ஷாப் ஷெட்டுக்குள், உள்துணி மாட்டித் திருப்பி அனுப்பியிருந்த வண்டிக்கு கவுஸ் பாஷா மெருகு போட்டுக்கொண்டிருந்தார். வீரபாகு ஏறித் தகட்டைத் திறந்து தன் நாலு வட்டத்தையும் பிய்க்கப் பார்த்தார். வரவில்லை. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். இவ்வளவு சுத்தமாக ஏன் ஒட்டித் தொலைத்தோம் என்று ஆயுளில் முதல் தடவையாகத் தன் வேலையின் மீதே அவருக்கு ஆத்திரம் வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, குத்தூசியால் நெம்பி, நூல் நூலாக எடுத்தார். ஒவ்வொரு துளைக்குக் கீழேயும் ஒரு ரப்பர்க் குழாய் இறங்கியது. கதவுத் தூணுக்குள் இரண்டு, பின் சக்கரத்தின் பக்கம் இரண்டு. சொல்யூஷன் அதற்குள்ளும் இறங்கிக் கட்டியாகி இருந்தது. சைக்கிள் பிரேக் வயரை மெதுவாக உள்ளே விட்டுக் குத்தினார். பம்பு வைத்தால் குழாய் கழன்றுகொள்ளும் என்று கவுஸ் பாஷாவை வாயால் ஊதச் சொன்னார். அவர் கன்னம் உப்ப ஊதினார், திரும்பி வந்த அழுக்கு அவர் மூஞ்சியிலேயே அடித்தது.

ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றினார்கள். கவுஸ் பாஷா குனிந்து பார்த்துப் பதறினார்.

"வீரு, கீழ நாலு பக்கமும் ஒழுவுது."

"ஒழுவட்டும்" என்றார் வீரபாகு. அப்படி ஒரு சொல் தன் வாயிலிருந்து வரும் என்று அவரே நினைத்ததில்லை.

ரஃபி அகமது வாலாஜாபேட்டைக்கு ஆள் அனுப்பி, பெண் தன் வண்டியில்தான் வரும் என்று சொல்லிவிட்டார். அங்கிருந்து ஒரு வரி பதில் வந்தது. சரி, பார்க்கலாம்.

கல்யாணத்தன்றும் மழை விடவில்லை. நிக்காஹ் முடிந்து, விருந்து முடிந்து, மத்தியானம் நசீமுன்னிசாவும் மாப்பிள்ளையும் பின் சீட்டில் ஏறினார்கள். வீரபாகு முன் சீட்டில். ஆண்டவனே, எந்த ஆண்டவனாக இருந்தாலும் சரி, கேட் மட்டும் திறந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். கேட் போட்டிருந்தது. கூட்ஸ் அன்றைக்கும் ஆடி அசைந்துதான் வந்தது. கூரையில் மழை கொட்டியது. கேட் திறந்ததும் கவுஸ் பாஷா முட்டைக்கூடையைத் தூக்குகிறவர் மாதிரி வண்டியை எடுத்தார். வீரபாகு கண்ணை மூடிக்கொண்டார். எதுவும் விழவில்லை. பாலாற்றுப் பாலம் தாண்டியும் விழவில்லை.

வாலாஜாபேட்டையில் வாசல் நிறையக் கூட்டம். அஃப்ஸர் ஜஹான் குடையோடு வந்து கதவைத் திறந்தார். முதலில் கையை நீட்டி மேலே உள்துணியைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. சீட்டைத் தடவினார். காய்ந்திருந்தது. பெண்ணின் முக்காடு, சரிகை எல்லாம் காய்ந்திருந்தது. திருப்தியாகி மருமகளின் முகத்தை ஏந்திக் கன்னத்தைத் தொட்டார். கை நனைந்தது.

அவர் சட்டென்று அண்ணாந்து கூரையைப் பார்த்தார். வீரபாகுவுக்கு உயிர் போய்விட்டது.

"வண்டி ஒழுவல மாமி" என்றாள் நசீமுன்னிசா. அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. "நான்தான்."

அஃப்ஸர் ஜஹான் குடையைக் கவுஸ் பாஷாவின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். மழை அவர் மேலேயே விழுந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

திரும்பும் வழியெல்லாம் வீரபாகு ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டே வந்தார். என்ன கோளாறு என்று முதலாளி கேட்பார். வெளிநாட்டுக்காரன் செய்த தப்பு, நான் திருத்தினேன் என்று சொல்லிவிடலாம். துளையும் இருக்கிறது, சாட்சி கவுஸ் மட்டும்தான், தோஸ்த் காட்டிக்கொடுக்க மாட்டான். ஊரில் பெயரும் நிற்கும்.

ரஃபி அகமது கல்யாண வீட்டு நாற்காலிகளுக்கு நடுவே கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சொட்டாவது விழுந்துச்சாய்யா?"

"இல்ல முதலாளி. நனையாம கொண்டு போய் வுட்டாச்சு."

"அப்போ இத்தினி நாளா இன்னாதான் கோளாறு?"

தயார் செய்த பதில் தொண்டைவரை வந்தது. அந்தப் பெண் சொன்ன ஒரு வார்த்தை அதற்கு முன்னால் வந்து நின்றது.

"நான்தான் முதலாளி" என்றார் வீரபாகு. "தண்ணி போற வழிய ஓட்டைன்னு நெனச்சு அடைச்சிட்டேன்."

"தெரியும். நேத்தே கவுஸ் சொல்லிட்டான்."

"அப்பறம் ஏன் முதலாளி ஒண்ணும் கேக்கல?"

"நேத்து நீ வெறுங்கால்ல ஓடி வந்தத ஷாப் ஜன்னல்லருந்து பாத்துட்டுதான்யா இருந்தேன். அப்பறம் இன்னாத்த கேக்கறது?" என்று சிரித்த ரஃபி அகமது, சிரித்தபடியே குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ரொம்ப அழுதாளா?"

"கொஞ்சம்தான் முதலாளி."

ரஃபி அகமது தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தின் மேல் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்துக்கு அதை எடுக்கவில்லை. எதையும் அடைத்துப் பழகிய வீரபாகுவுக்கு இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மரியாதைக்கு அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒழுகல் எதுவும் இல்லை.